திரையில் குடும்பம்: சம்பளம் யார் கையில்?

'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்ற வரியைச் சுவரொட்டிகளில் படிக்காதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் அந்த வரியைத் தாங்கிய சுவரொட்டிகளில் எத்தனையோ நம் பக்கத்து ஊரில் அச்சடிக்கப்பட்டவை என்பதை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அவ்வாறு வளர்ந்த அச்சுத் தொழில்தான் பின்னர் நாட்காட்டிகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் தமிழகமெங்கும் அனுப்பியது. பட்டாசுப் பெட்டிகளின் மேல் சிரித்தவர்களும் திரைப்பட நடிகையரே. தீபாவளியன்று நம் பட்டாசும் புதுப்படமும் சேர்ந்தே வெளிவருவது வழக்கம். சிவாஜி கணேசன் அறிமுகமான 'பராசக்தி'யும் 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த படம்தான். நாடே புத்தாடை உடுத்திப் படம் பார்க்கப் போகும் அந்த நாளில், நம் பகுதிக் குடும்பங்கள் ஓராண்டு வேலை முடிந்த அசதியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

எனவே சினிமாவைப் பற்றி நான்கு வார்த்தை பேச விருதுநகர் மாவட்டத்துப் பெண்களாகிய எங்களுக்கும் உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

இவ்வாண்டு ஒரு நாள் தமிழ் வகுப்பில் எங்கள் ஆசிரியை, "உங்களுக்குப் பிடித்த குடும்பப் படம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். வகுப்பே கலகலத்தது. பாட்டியோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பழைய படம் பார்க்கும் தோழியர் 'பாசமலர்' என்றனர்; வேறு சிலர் 'சம்சாரம் அது மின்சாரம்' என்றனர். பாசம், தியாகம், ஒற்றுமை என்று ஒவ்வொருத்தியும் காரணம் அடுக்கினாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை இறுதியில், "சரி, அந்த வீட்டில் சம்பாதிப்பது யார்? அந்தச் சம்பளம் யார் கைக்குப் போகிறது?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. எத்தனை முறை பார்த்த படம்! வசனம் கூட மனப்பாடம். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்களால் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திரையில் ஏழை பணக்காரர் கதை ஓடுவதற்கு முன்பே கொட்டகைக்குள் அந்தக் கதை தொடங்கிவிட்டது. எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்: தரை டிக்கெட் என்றால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார வேண்டும்; அதற்குப் பின்னால் பெஞ்சு; அதற்கும் பின்னால் நாற்காலி. பெண்கள் பக்கம் தனியாக ஒரு தடுப்பு. ஒரே படத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் இன்ன கூலி வாங்குகிறவர் இன்ன இடத்தில்தான் உட்காரலாம் என்பது கையிலிருந்த சீட்டில் அச்சாகியிருந்தது!

இனிப் படங்களுக்கு வருவோம். தமிழில் குடும்பப் படம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருபவர் இயக்குநர் ஏ. பீம்சிங் அவர்கள். 'பாகப்பிரிவினை' (1959), 'படிக்காத மேதை' (1960), 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961) என்று 'ப' வரிசையில் அவர் எடுத்த படங்கள் பல. இவற்றில் வீடுதான் உலகம். கூடம், மாடிப்படி, சுவரில் முன்னோர் படம், பூஜை அறை, அடுக்களை. பாகம் பிரிந்தால் வீட்டின் நடுவே சுவர் எழும்; மனம் ஒன்றானால் சுவர் இடியும். நாடக மேடையில் வளர்ந்த கலைஞர்களும் கதைகளும் திரைக்கு வந்த காலம் அது. ஆகவே கதை ஒரே கூடத்துக்குள் நடப்பதில் வியப்பில்லை. அந்தக் கூடத்தில் யார் நிற்கிறார், யார் உட்காருகிறார் என்பதிலேயே வர்க்கம் தெரிந்துவிடும். முதலாளி சாய்வு நாற்காலியில் இருப்பார். வேலைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூணருகே நிற்பார்.

இப்படங்களில் பணக்காரர் நல்லவராகவோ கெட்டவராகவோ இருப்பது அவருடைய மனத்தைப் பொறுத்தது. அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கதை திறந்து பார்ப்பது அருமை. 'படிக்காத மேதை'யில் எழுத்தறிவில்லாத ரங்கன், தன்னை வளர்த்த பெரிய குடும்பம் நொடித்துப் போனபோது உழைத்து அக்குடும்பத்தைத் தாங்குகிறான். அவனுடைய விசுவாசத்தைக் கண்டு நாம் கண்ணீர் வடிக்கிறோம். அத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் அவன் செய்த வேலைக்கு என்ன கூலி என்று கேட்க நமக்குத் தோன்றுவதேயில்லை. கேட்டால் பாசத்தைக் கொச்சைப்படுத்துவதாகிவிடும் என்ற தயக்கம்!

'பாசமலர்' படத்தை இந்தக் கேள்வியோடு மறுபடியும் பார்த்தோம். அண்ணன் ராஜுவாகச் சிவாஜி. தங்கை ராதாவாகச் சாவித்திரி. அண்ணன் தங்கை பாசத்துக்கு இன்றளவும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் படம். அழுவதற்கென்றே கைக்குட்டை எடுத்துப் போனார்களாம் எங்கள் பாட்டிமார். ஆனால் நாங்கள் இம்முறை வேறொன்றைக் கண்டோம். ஆலை வேலையை இழந்து ராஜு கலங்கி நிற்கும்போது, அவன் கையில் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பவள் ராதா. அது அவள் வீட்டில் உட்கார்ந்து பொம்மை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதை முதலாக வைத்துப் பொம்மைத் தொழில் தொடங்கித்தான் ராஜு பெரும் பணக்காரனாகிறான். ஆம்! அந்த மாளிகையின் அஸ்திவாரம் ஒரு பெண்ணின் கைவேலை. அதன் பிறகு கதை முழுவதும் அண்ணன் முதலாளி. தங்கை, அண்ணனின் செல்லத் தங்கை. தொழிலில் அவளுக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்பதில்லை. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குக் குழல் சுற்றியும் குடும்பங்கள் பிழைத்த நம் மாவட்டத்தில் இந்தக் காட்சி எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். எங்களுக்கு மட்டும் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்தா பட வேண்டும்!

விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வந்தது. தேசிய விருதும் பெற்றது. இப்படம் ஒரு விதத்தில் நேர்மையானது. வீட்டுச் செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கை மூடி மறைக்காமல் கூடத்தின் நடுவே வைத்துவிட்டது. மாதச் சம்பளக்காரர்களின் வீடு அது. தகப்பனாருக்கும் மூத்த மகனுக்கும் பணத்தால் மூண்ட சண்டையில் வீட்டின் குறுக்கே கோடு கிழிக்கப்படுகிறது. 'பாகப்பிரிவினை'யின் சுவர் இருபத்தேழு ஆண்டுகளில் கோடாக மெலிந்துவிட்டது எனலாம். முடிவில் மருமகள் உமா, பிரிந்தே இருந்து அன்பாகப் பழகுவோம் என்று முடிவெடுப்பது அன்றைய ரசிகர்களுக்குப் புதுமையாக இருந்தது. எல்லாம் சரி. அந்த வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வேலை செய்கிறாளே கண்ணம்மா, மனோரமா நடித்த பாத்திரம், அவளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? கோட்டின் எந்தப் பக்கம் அவளுக்கு? எங்களில் எவருக்கும் நினைவில்லை. அவளுடைய நகைச்சுவை மட்டும் ஒரு வரி விடாமல் நினைவிருந்தது.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய குடும்பப் படங்களில் 'ஏழை', 'பணக்காரர்', 'கௌரவம்', 'அந்தஸ்து' என்ற சொற்கள் வரும்; சாதி என்ற சொல் பெரும்பாலும் அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' அந்தத் திரையை விலக்கியது. தோழி அழைத்தாள் என்று அவள் அக்காள் திருமணத்துக்குப் போன ஒரு சட்டக் கல்லூரி மாணவன் அங்கே படும் அவமானத்தைப் பார்த்த பிறகு, சினிமாக் கல்யாண வீட்டின் வாழைமரத்தையும் மேளத்தையும் முன்போல் ரசிக்க எங்களால் இயலவில்லை.

இனி, எங்களை மிகவும் யோசிக்க வைத்த பகுதிக்கு வருகிறோம். சம்பாதிக்கும் மகள் என்ற பாத்திரம் அது.

1974இல் கே. பாலசந்தர் 'அவள் ஒரு தொடர்கதை' என்ற படத்தை எடுத்தார். கவிதாவாக சுஜாதா நடித்தார். தகப்பனார் குடும்பத்தைத் துறந்து போய்விட்டார். அண்ணன் குடிகாரன். விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி, அண்ணி, குழந்தைகள், தாய் என்று அத்தனை வயிறுகளும் கவிதாவின் ஒரு சம்பளத்தை நம்பியிருக்கின்றன. அவளுக்கென்று வந்த வாழ்வு ஒவ்வொன்றும் அவள் கையிலிருந்து வேறொருவர் கைக்குப் போகிறது. கடைசியில் அவள் மறுபடியும் வேலைக்குத்தான் போகிறாள். தலைப்பே சொல்லிவிடுகிறதே, தொடர்கதை என்று!

இதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1960இல், வங்காளத்தில் ரித்விக் கட்டக் 'மேகே டாக்கா தாரா' என்ற படத்தில் இப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் காட்டியிருந்தார். தேசப் பிரிவினையால் அகதியாகக் கல்கத்தாவின் ஓரத்தில் குடியேறிய குடும்பம். நீதா என்ற மகள் தன் படிப்பை விட்டு வேலைக்குப் போய் எல்லோரையும் காப்பாற்றுகிறாள். தொடக்கத்தில் அவளுடைய செருப்பு வார் அறுந்துபோகிறது. அவள் அப்படியே நடக்கிறாள். புதுச் செருப்பு வாங்கப் பணம் அவளிடம் இல்லாமலில்லை, வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று கேட்கிறார்களே! அண்ணன் பெரிய பாடகனாகிறான். அவளோ காசநோயால் மலைமேலுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறாள். அங்கே அவள், தான் வாழ ஆசைப்பட்டதாகக் கதறும் இடம் வந்தபோது எங்கள் வகுப்பில் யாரும் அசையவில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யிலும் (1955) தம்பி அப்பு பள்ளிக்கூடம் போகிறான். அக்காள் துர்க்கா போவதில்லை. அதை யாரும் குறையாகக் கூடச் சொல்வதில்லை, அத்தனை இயல்பாக இருக்கிறது.

இப்படங்களை எடுத்தவர்கள் இந்த நிலையைப் புகழவில்லை, கண்டித்துத்தான் எடுத்தார்கள். பார்த்தவர்களிடம்தான் சிக்கல். 'எப்பேர்ப்பட்ட பெண்! குடும்பத்துக்காக எப்படிப் பாடுபடுகிறாள்!' என்று பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய், தங்கள் மூத்த மகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம், நன்றி சொன்னால் போதும். அந்த நன்றி கூடப் பல வீடுகளில் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் பிறந்து தமிழ்நாட்டில் புகழ் பெற்ற பாலு மகேந்திரா 1988இல் தந்த 'வீடு' அது. பாடல் கிடையாது, சண்டை கிடையாது. சுதா என்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண் வேலை பார்த்துக்கொண்டே, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. படம் முழுவதும் கணக்குத்தான்! மனைக்கு எவ்வளவு, சிமெண்டுக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, நகையை விற்றால் எவ்வளவு. ஆனால் அந்தக் கணக்கைப் போடுபவள் சுதா. பணம் அவள் கையில் இருக்கிறது. சித்தாள் வேலைக்கு வரும் மங்கம்மா என்ற பெண்தான் சிமெண்டு திருட்டைக் கண்டு குரல் எழுப்புகிறாள். கூலிக்காரியும் சம்பளக்காரியும் ஒரே படத்தில், ஒருவர் கண்ணீரை ஒருவர் புரிந்துகொண்டு நிற்பதைத் தமிழ்த் திரையில் அதிகம் காண முடியாது. எங்கள் வாக்கெடுப்பில் 'வீடு' படத்துக்கு மூன்றே ஓட்டுகள்தான் விழுந்தன. மெதுவாகப் போகிறதாம்! இருந்தாலும் இக்கட்டுரையை எழுதும் நாங்கள் அந்த மூவர் பக்கம்தான்.

நம் ஊர்ப்பக்கம் திரையில் வந்திருக்கிறதா என்று கேட்கலாம். வந்திருக்கிறது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலசந்தர் 1981இல் 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக்கினார். ஒரு குடம் தண்ணீருக்காகக் கரிசல் மண்ணில் காத தூரம் நடக்கும் பெண்களின் கதை. விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் 2006இல் 'வெயில்' படத்தை இயக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பள்ளிக்கு மட்டம் போட்டு சினிமாவுக்குப் போன மகனைத் தகப்பனார் வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்துகிறார். அவன் வீட்டை விட்டு ஓடி, எங்கோ ஒரு சினிமாக் கொட்டகையிலேயே வேலைக்கு அமர்ந்து, இருபது ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு திரும்புகிறான். நம் தெருக்கள், நம் வெயில், நம் பேச்சு. பார்க்கையில் உடல் சிலிர்த்தது. ஆயினும் அது தகப்பனுக்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே நடக்கும் கதை; பெண்கள் ஓரமாக நின்று அழுகிறார்கள். அவரே 2010இல் எடுத்த 'அங்காடித் தெரு' இக்குறையைத் தீர்த்தது என்று சொல்வோம். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கதையில், கனி என்ற பெண் ஆண் பிள்ளைகளுக்குச் சமமாக நின்று உழைக்கிறாள், சண்டையிடுகிறாள், சிரிக்கிறாள்.

ஆனால் நம் பகுதியை உள்ளபடி காட்டிய படம், நம்மில் பெரும்பாலோர் பெயர் கூடக் கேள்விப்படாத படம். கர்நாடகத்தைச் சேர்ந்த சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப் படம் அது. சிவகாசியின் சுறுசுறுப்பைப் பாராட்டி 'குட்டி ஜப்பான்' என்று அழைப்பது வழக்கம். அந்தப் பாராட்டின் பின்னால் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் குனிந்து உட்கார்ந்திருந்த சிறு பிள்ளைகளை இப்படம் உலகத்துக்குக் காட்டியது. வெளியூர் வாசகிக்கு ஒரு விளக்கம்: தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பது இங்குள்ள வழக்கு. 'ஆபீசுக்குப் போகிறாள்' என்று ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னால் மேஜையும் விசிறியும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பாக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அக்குழந்தை படிக்க வேண்டும், அதன் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும் என்றது அத்தீர்ப்பு. வீட்டுப் பெரியவரின் சம்பளத்தைப் பற்றி நீதிமன்றம் நினைத்தது பாருங்கள், அங்கேதான் இருக்கிறது விஷயம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றாயிற்று. அதில் இரண்டு விலக்குகள் உண்டு. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம். திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் நிபந்தனைகளோடு நடிக்கலாம். குடும்பமும் சினிமாவும் சட்டப் புத்தகத்திலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன! எங்கள் ஆசிரியை இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம்.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பின், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அவள் தாயார் சிறு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். அந்த ஆவணப் படம் எடுக்கப்பட்ட 1990இல் அவருக்குப் பத்து வயது. எட்டு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டாராம். அவருக்குக் கீழே மூன்று தம்பிகள்.

"அம்மா, 'அவள் ஒரு தொடர்கதை' பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம்.

"டிவியில பாத்திருக்கேன் தாயி. பாதியிலே எந்திரிச்சிட்டேன். நம்ம வீட்டுக் கதையை நாமளே உக்காந்து பாக்கவா?" என்றார்.

பிறகு அவர் தாமாகவே சொல்லத் தொடங்கினார். விடியுமுன் பஸ் வந்து ஊர் எல்லையில் ஒலி எழுப்பும். தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை அப்படியே தூக்கி ஏற்றிவிடுவார்கள். கட்டை அடுக்குவதுதான் அவருக்கு வேலை. சட்டத்தின் வரிகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி நிரப்பினால் அது ஒரு கட்டை. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மருந்து முக்கும் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றாலும் நெடி எல்லா இடத்துக்கும் வரும். மாலையில் வீடு திரும்பினால் ஓய்வில்லை; தாயாரோடு உட்கார்ந்து பெட்டி ஒட்ட வேண்டும். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ். "எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு பன்னிரண்டு மட்டும் தலைகீழாத் தெரியும். மத்ததெல்லாம் பள்ளிக்கூடத்தோட போச்சு" என்று சிரித்தார்.

நாங்கள் எங்கள் கேள்வியைக் கேட்டோம். "சம்பளத்தை என்ன செய்வீர்கள்?"

"சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். எங்கப்பா வந்து வாங்கிக்கிருவாக. அவுக வராட்டி அம்மா. முன்பணம் வாங்கியிருந்தா அதுல கழிச்சிக்கிருவாக. என் கையில ஒருநாளும் வந்ததில்லை. எவ்வளவுன்னும் எனக்குத் தெரியாது."

தம்பிகள் மூவரும் படித்தார்கள். ஒருவர் இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். அவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, தம்மைப் படிக்க வைத்த தகப்பனாருக்குச் சால்வை போர்த்தினாராம். "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்றோம். "பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றார். அதில் வருத்தமோ கோபமோ இல்லை. யாரோ நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது போலிருந்தது. தம்பி மீதும் அவருக்குக் குறையில்லை. "அவன் நல்லவன்; சின்னப் பையன், அவனுக்கு அப்ப என்ன தெரியும்?" என்றுதான் சொன்னார். எங்கள் தோழிதான் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கதையை அவளும் அன்றுதான் முழுதாகக் கேட்டாளாம்.

திரும்பி வரும் வழியில் எங்களுக்கு வேறொரு நினைவு வந்து வெட்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் போட்ட நாடகம்! குடிகாரத் தகப்பன், இருமும் தாய், கிழிந்த தாவணியில் மூத்த மகள். அவள் வேலை செய்து தம்பியைக் கலெக்டராக்குவாள், அவன் வந்து காலில் விழுவான், திரை விழும், கைதட்டல். அவள் என்ன வேலை செய்தாள் என்று நாடகத்தில் காட்டவே இல்லை. 'கூலி வேலை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். தீப்பெட்டி ஊருக்குப் பத்துக் கல் தொலைவில் இருந்துகொண்டு, சினிமாவைப் பார்த்து எழுதிய நாடகம் அது.

இவ்வாண்டு விழாவுக்கு அதே நாடகத்தை மாற்றி எழுதினோம். சனிக்கிழமை மாலை ஆபீஸ் வாசலில் கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிடும் காட்சியைச் சேர்த்தோம். தகப்பன் கை நீட்டுகிறான், மகள், "எவ்வளவுப்பா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் வசனம். கலெக்டரை நீக்கிவிட்டோம். முடிவு சப்பென்று இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கட்டைக்காகத் தச்சரிடம் சொல்லி ஒரு சட்டம் செய்து வாங்கினோம். நடித்தவள் ஒரு வாரம் பழகினாள்.

தோழியின் தாயார் நாடகம் பார்க்க வந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, நடித்தவளின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் தாயி. ஆனா நீ குச்சியைப் பாத்துப் பாத்து அடுக்குற. நாங்க அப்படிப் பாக்கமாட்டோம். கண்ணு வேற எங்கயோ இருக்கும், கை அது பாட்டுக்கு அடுக்கும்" என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த சட்டத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு வரி முழுவதையும் அடுக்கிக் காட்டினார்.